தன்னைத் தேடலாம், தம்பியைத் தேடக் கூடாது

கொஞ்சம் கிட்ட வாங்கோ, என்ர செல்லங்கள். சப்பாத்தை வாசலிலை கழட்டிப்போட்டு, ஹீற்றருக்குப் பக்கத்திலை இருங்கோ. போனைக் கவிட்டு வையுங்கோ. இமயமலையும் புத்த மடாலயமும் வாற கதை ஒன்று சொல்லுறன். ஆனால் ஒன்றை முதலே சொல்லிப்போடவேணும்: மலைக்குப் போகவேண்டிய மனுசி கடைசிமட்டும் மலைக்குப் போகமாட்டாள். பிறகு என்னோடை கோவிக்கிறதில்லை.

நோர்வேயில், ஒஸ்லோ நகரத்துப் புருசெத்தில் மூன்றாம் மாடியில் இருக்கிற வசந்தமலரின் கதை இது. வயது ஐம்பத்தெட்டு. வயோதிபர் இல்லத்துச் சமையலறையில் வேலை. காலை ஆறரைக்கு உருளைக்கிழங்கு உரிக்கத் தொடங்கினால் பின்நேரம் மூன்று மணிவரை நின்ற கால் நின்றபடி. கணவர் தவறி ஏழு வருசம். ஒரே மகள் யதுர்ஷா, இங்கேயே பிறந்தவள், சட்டம் படிக்கிறாள்.

வசந்தமலருக்கு ஒரு தம்பி, அருளானந்தன். அவனை "இருந்தான்" என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். "இருக்கிறான்" என்று சொன்னால் அழுகை வரும். அதனால் அந்த வீட்டில் அவனைப் பற்றிக் கதைக்கிறவர்கள் வசனத்தை முடிக்காமலே விட்டுவிடுவார்கள். தொண்ணூறாம் ஆண்டு, ஐரோப்பாவுக்குக் கொண்டுபோகிறேன் என்று ஒரு ஏஜென்சிக்காரன் அவனைக் கூட்டிக்கொண்டு போய், காத்மண்டுவில் இறக்கிவிட்டு, பாஸ்போட்டையும் எடுத்துக்கொண்டு மறைந்துவிட்டான். அங்கிருந்து ஒரே ஒரு கடிதம் வந்தது. "அக்கா, இஞ்சை சரியான குளிர். சப்பாத்து இல்லை. யோசியாதை, வழி பாத்துக்கொண்டு நிக்கிறன்." அது தொண்ணூற்றொன்று மாசி மாதம். அவ்வளவுதான். ஆளைத் தேடித் தருகிற சங்கங்கள் எல்லாவற்றுக்கும் எழுதிப் பார்த்தாள். எல்லாச் சங்கமும் மறக்காமல் பதில் போட்டது. ஆள் மட்டும் வரவில்லை.

முப்பத்துமூன்று வருசம் கழித்து, அதே மாசி மாதம், வேலையிடத்துச் சாப்பாட்டு மேசையில் ஒரு மினுக்கமான புத்தகம் கிடந்தது. இமயமலைப் பள்ளத்தாக்குகளிலும் புத்த மடாலயங்களிலும் பத்தொன்பது நாள் வழிகாட்டியோடு நடக்கிற பயணமாம். நடத்துகிறவர்களின் பெயர் "அமைதிப் பள்ளத்தாக்குப் பண்பாட்டு நடைப்பயணக் கழகம்". பெயரை வாசிக்கவே இடையில் ஒரு நாள் தங்கவேண்டும். நாங்கள் சுருக்கமாகக் கழகம் என்போம்.

பதினேழாம் பக்கத்தில், மடாலயத்து முற்றத்தில், ஒரு நோர்வேக்காரி கண்ணை மூடிக்கொண்டு இருக்கிறாள். அவளுக்குப் பின்னால், மங்கலாக, ஒரு வயதான மனிதர் வாளியில் இருந்து தேநீர் ஊற்றுகிறார். இடது கையால் ஊற்றுகிறார். ஒரு காலில் நின்று, மற்றக் காலின் பாதத்தை முழங்காலோடு அண்டக்கொடுத்தபடி நிற்கிறார். அருளானந்தன் சின்ன வயதில் இருந்தே அப்படித்தான் நிற்பான். இடது கையால் பரிமாறுகிறான் என்று தகப்பனிடம் அடியும் வாங்கியிருக்கிறான். வசந்தமலர் வாயில் வைத்த பாண் துண்டை விழுங்க மறந்து இருந்தாள்.

அன்றைக்கே கழகத்துக்கு போன் எடுத்தாள். அவர்கள் நோர்வேஜிய மொழியில் சொன்னதை நான் எனக்குத் தெரிந்த தமிழில் சொல்லுறன்.

"உங்கட புத்தகத்திலை, பதினேழாம் பக்கத்திலை, தேத்தண்ணி ஊத்திறவர் ஆர்?"

"பதினேழாம் பக்கத்தில் தியானம் செய்பவர் எங்கள் முன்னாள் பயணி."

"அவ இல்லை. அவவுக்குப் பின்னாலை."

"பின்னால் யாரும் இல்லையே."

"வாளியோடை நிக்கிறவர்."

"ஓ, அதுவா? அது சூழல்."

"சூழலுக்கு என்ன பேர்?"

"பெயர்களை நாங்கள் சேகரிப்பதில்லை. தனிநபர் தரவுப் பாதுகாப்பு."

"எந்த மடம் எண்டாவது சொல்லுங்கோ."

"அதையும் சொல்வதில்லை. இடத்தின் பெயரைச் சொன்னால் ஆட்கள் அங்கே போய்விடுவார்கள். எங்கே போகிறோம் என்று தெரியாமல் போவதுதான் எங்கள் பயணத்தின் சிறப்பு."

"அப்ப நான் அங்கை போக என்ன செய்யவேணும்?"

"விண்ணப்பிக்க வேண்டும்."

யதுர்ஷா அந்தப் படத்தைக் கணினியில் போட்டு மூன்று நாள் தேடினாள். உலகத்தில் உள்ள வெள்ளைச் சுவர்கள் எல்லாம் வந்தன. அந்தச் சுவர் வரவில்லை. ஆகவே விண்ணப்பித்தார்கள்.

விதிமுறை நாற்பத்தொரு பக்கம். தகவல் கூட்டத்துக்கு டி-பானே சுரங்க ரயிலில் போகிறபோது யதுர்ஷா பதினாலாம் பிரிவில் வந்து நின்றாள்.

"அம்மா, இதைக் கேளுங்கோ. 'நோக்கமின்மை. பயணி எந்த இடத்தையும், எந்தப் பொருளையும், எந்த மனிதரையும் தேடி வரக் கூடாது. நோக்கத்தோடு வரும் ஒருவர் ஏனையோரின் அமைதியைக் கெடுப்பார். விதிவிலக்கு: தன்னைத் தேடி வருவது.'"

"தன்னைத் தேடலாம், தம்பியைத் தேடக் கூடாதோ?"

"ஓம். அப்பிடித்தான் எழுதிக் கிடக்கு."

"ஆர் எழுதினது?"

"ஒருத்தரும் கையெழுத்துப் போடேல்லை. மாமாவைப் பற்றி மூச்சும் விடாதேங்கோ. மற்ற ஆக்கள் சொல்லுறதையே நீங்களும் சொல்லுங்கோ."

கூட்டம் நகரத்துக்குள் ஒரு மேல்மாடியில். கதிரை இல்லை, கம்பளித் துண்டுகளில் பன்னிரண்டு பேர் சம்மணம் போட்டு இருந்தார்கள். நோர்வேக்காரரின் முழங்கால்கள் படுகிற பாட்டைப் பார்த்து வசந்தமலர் உள்ளுக்குள் உச்சுக்கொட்டினாள். கழகத்தின் தலைவி கரோலினா வந்தாள். பேசும்போது இரண்டு கண்ணையும் மூடிக்கொள்வாள். மணிக்கூட்டைப் பார்ப்பதற்கு மட்டும் ஒன்றைத் திறப்பாள்.

"நண்பர்களே," என்றாள் கரோலினா, "நாங்கள் ஏழைகளைப் பார்க்கப் போகவில்லை. எளிமையைப் பார்க்கப் போகிறோம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், எளிமையிடம் திரும்பி வருவதற்கான பயணச்சீட்டு இருக்கும். மலை மக்களின் வாழ்க்கையில் நாங்கள் ஒருபோதும் தலையிட்டதில்லை. அவர்கள் எங்கள் பைகளைச் சுமப்பார்கள், உணவு சமைப்பார்கள், கூடாரம் அடிப்பார்கள், நாங்கள் அழும்போது தள்ளி நிற்பார்கள். இதைவிட ஆழமான உறவு இரு பண்பாடுகளுக்கிடையில் இருக்க முடியாது."

பிறகு ஒவ்வொருவராக ஏன் வருகிறோம் என்று சொல்லவேண்டும். ஒருத்தி தன்னை விவாகரத்தில் தொலைத்திருந்தாள். ஒருவர் தன்னை அலுவலகத்தில் தொலைத்திருந்தார். வசந்தமலருக்குப் பக்கத்தில் இருந்தவர் ஆன்ட்ரியாஸ், ஓய்வுபெற்ற பஸ் சாரதி. முப்பத்தெட்டு வருசம் ஒரே பாதையில் ஓட்டி, எந்தத் திருப்பத்தில் தன்னை விழுத்தினார் என்று தெரியவில்லையாம்.

வசந்தமலரின் முறை வந்தது. "நானும் என்னைத்தான் தேடுறன்," என்றாள், நிலத்தைப் பார்த்தபடி.

"எவ்வளவு காலமாக?" என்று கேட்டாள் கரோலினா.

இதற்கு யதுர்ஷா பதில் சொல்லிக்கொடுக்கவில்லை. வசந்தமலருக்கு உண்மைதான் வாயில் வந்தது. "முப்பத்துமூண்டு வருசமா. எத்தினை பேருக்கு எழுதினனான். ஒரு பலனும் இல்லை. சப்பாத்தும் இல்லாமல் போனது."

சுற்றியிருந்த பதினொரு பேரும் அழுதுவிட்டார்கள். இப்படி ஆழமாகத் தன்னைத் தொலைத்த ஒருவர் கழகத்தின் வரலாற்றிலேயே வந்ததில்லை என்று கரோலினா இரண்டு கண்ணையும் திறந்து சொன்னாள்.

படிவத்திலும் அவளுக்குத்தான் அதிக புள்ளி. 'பௌத்தத்தோடு உங்களுக்கு ஏற்கெனவே தொடர்பு உண்டா?' என்ற கேள்விக்கு மற்றவர்கள் 'ஆர்வம் உண்டு' என்று எழுதியிருந்தார்கள். வசந்தமலர், "எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஓர் அரசமரம் நின்றது. அதன் கீழே ஆமிக்காரர் ஒரு புத்தர் சிலை வைத்தார்கள். அதற்குப் பிறகு நாங்கள் அந்த வீட்டுக்குப் போகவில்லை," என்று எழுதினாள். பக்கத்தில் சிவப்பு மையில் கழகத்தின் குறிப்பு: 'பற்றறுத்தல்! மிக அழகு!'

இனி நடைப் பரீட்சை. சொங்ஸ்வன் ஏரியைச் சுற்றி நடக்கவேண்டும். வசந்தமலர் சமையலறைக்காரி அல்லவா, நாற்பது நிமிசத்தில் சுற்றி முடித்துவிட்டு வந்து நின்றாள். பரிசோதகர் தலையை ஆட்டினார்.

"தோல்வி."

"நான்தானே முதல் வந்தனான்?"

"அதுதான் பிழை. நீங்கள் எங்கேயோ போகிறவர் போல நடக்கிறீர்கள்."

ஆன்ட்ரியாஸும் தோல்வி. அவர் ஒவ்வொரு பஸ் தரிப்பிடம் அளவு தூரத்துக்கும் ஒருமுறை நின்று நின்று நடந்தாராம். இரண்டு பேருக்கும் மறுபரீட்சை. வசந்தமலர் யோசித்துப் பார்த்தாள். பிறகு, கோயில் தேருக்குப் பின்னால், முன்னால் போகிறவரின் குதியை மிதிக்காமல், ஓர் அடி வைத்து ஒன்பது மூச்சு விட்டு நடக்கிற நடை இருக்கிறதே, அதை எடுத்தாள். "தேர் முன்னுக்குப் போகுது எண்டு நினையுங்கோ," என்று ஆன்ட்ரியாசுக்கும் சொல்லிக்கொடுத்தாள். அவருக்குத் தேர் தெரியாது. தனக்கு முன்னால் பழுதான பஸ் ஒன்று போவதாக நினைத்துக்கொண்டார். இரண்டு பேரும் நாலேகால் மணித்தியாலம் எடுத்தார்கள். அதிவிசேட சித்தி. சான்றிதழில் ஓர் ஆமைப் படம் இருந்தது.

இதுவரைக்கும் எல்லாம் நல்லபடி போனது. பிறகு கேக் வந்தது.

மௌனப் பயிற்சி நாளில் கரட் கேக் மிஞ்சிவிட்டது. கரோலினா தன் பிளாஸ்டிக் பெட்டியில் இரண்டு துண்டு போட்டு வசந்தமலரிடம் கொடுத்தாள். அடுத்த வாரம் வசந்தமலர் அந்தப் பெட்டியைக் கழுவித் துடைத்துத் திருப்பிக் கொடுத்தாள். வெறும் பெட்டியாகக் கொடுப்பதா? எங்கட ஆக்கள் ஆரும் ஒரு வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பார்களா? பலகாரம் சுட நேரமில்லாததால், கைப்பிடி சீனியை அடியில் போட்டு மூடிக் கொடுத்தாள்.

மூன்றாம் நாள் ஒரு கடிதம் வந்தது. யதுர்ஷா வாசித்துவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டாள்.

"அம்மா, உங்கட பேரிலை அவ்விக் எழுதியிருக்கினம்."

அவ்விக் தெரியும்தானே? இந்த நாட்டில் எது பிழைத்தாலும் எழுதி நிரப்புகிற படிவம். அதில் இப்படி இருந்தது: 'திருப்பி ஒப்படைக்கப்பட்ட கொள்கலனில் வெள்ளை நிறப் படிகப் பொருள் காணப்பட்டது. அளவு: சுமார் இரண்டு மேசைக்கரண்டி. சுவைத்துப் பார்த்த பணியாளர் நலமாக இருக்கிறார். பொருள்: சீனி. நோக்கம்: தெரியவில்லை. சந்தேகம்: தெரிவுக்குழுவின் மீது செல்வாக்குச் செலுத்தும் முயற்சி.'

விசாரணைக்கு மூன்று பேர் இருந்தார்கள். மேசையில் அந்தச் சீனி ஒரு கண்ணாடிப் போத்தலில், இலக்கம் ஒட்டி வைக்கப்பட்டிருந்தது.

"ஏன் வைத்தீர்கள்?"

"வெறும் பெட்டி குடுக்கக் கூடாது எண்டு வைச்சனான்."

"யார் கூடாது என்றது?"

வசந்தமலர் மகளைப் பார்த்தாள். மகள், "அது எழுதாத சட்டம்," என்றாள் நோர்வேஜிய மொழியில், பெரிய வழக்கறிஞர் மாதிரி.

"எழுதாவிட்டால் அது சட்டம் இல்லை," என்றாள் கரோலினா. பிறகு குரலைத் தணித்தாள். "மற்றப் பண்பாடுகளின் வழக்கங்களை மதிப்பதற்காகத்தான் இந்தக் கழகமே இருக்கிறது. ஆனால் அந்த வழக்கங்கள் அங்கே, மலையில் நடக்கவேண்டும். ஒஸ்லோவில், என் அலுவலகத்தில், என் பெட்டிக்குள் நடந்தால் நாங்கள் எப்படி மதிப்பது? எங்களுக்கு ஒரு வழிதான் தெரியும். நாங்கள் தருவோம். நீங்கள் பெற்றுக்கொண்டு நெகிழ்ந்துபோவீர்கள்."

எச்சரிக்கையோடு விட்டார்கள். சீனியை மட்டும் திருப்பித் தரவில்லை, அது ஆவணம்.

புரட்டாதி மாதம் பை நிறுக்கிற நாள். ஒருவருக்கு ஏழு கிலோ. பை தராசில் ஏறியது. ஆறு கிலோ எண்ணூறு. எல்லோரும் கைதட்டினார்கள். நடை ஆமை, பை இறகு என்று ஆன்ட்ரியாஸ் பகிடிவிட்டார். ஆனால் விதி என்றால் விதி, பையைத் திறந்து பார்க்கவேண்டுமே.

திறந்தார்கள். வசந்தமலருடைய உடுப்பு ஒரு சோடி. அதற்குக் கீழே: ஆண்கள் போடுகிற தடித்த கம்பளிக் காலுறை ஆறு சோடி. நீலக் கோடு போட்ட சாரம் ஒன்று. ஆண்களுக்கான சப்பாத்து, நாற்பத்திரண்டாம் அளவு. மிளகாய்த்தூள் ஒரு பக்கெற். அடியில், வட்டமான ஒரு பழைய தகர பிஸ்கட் பேணி நிறையப் பயத்தம் பணியாரம்.

கரோலினா சப்பாத்தைத் தூக்கிப் பிடித்தாள். "உங்கள் கால் முப்பத்தேழு அல்லவா?"

முப்பத்துமூன்று வருசத்துக்குப் பிறகு தம்பியைப் பார்க்கப் போகிறவள் கையை வீசிக்கொண்டு போவதா, பிள்ளையள்? யதுர்ஷா ஆயிரம் தடவை சொன்னவள், ஒன்றும் கொண்டுபோகவேண்டாம் என்று. ஏரியைச் சுற்றிப் பொய் நடை நடக்க வசந்தமலரால் முடிந்தது. தன்னைத் தேடுகிறேன் என்று பொய் சொல்லவும் முடிந்தது. வெறுங்கையோடு போக மட்டும் முடியவில்லை.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். பதினேழாம் பக்கத்தை விரித்து, மங்கலாக நின்ற மனிதரின் மேல் விரலை வைத்தாள். "இது என்ர தம்பி. அருளானந்தன் எண்டு பேர். ஒருக்கால் கிட்டப் போய் முகத்தைப் பாத்திட்டு வாறன். நாடியிலை ஒரு வெட்டு இருக்கும், முருங்கை மரத்தாலை விழுந்தது. அவ்வளவுதான். உங்கட அமைதியை நான் கெடுக்கேல்லை."

அறை அப்படியே மௌனமானது. நல்ல மௌனம், பயிற்சி எடுத்த மௌனம். கரோலினாவின் கண்ணிலும் உண்மையாகவே ஈரம் வந்தது. அவள் கெட்டவள் இல்லை, பிள்ளையள், அதையும் சொல்லவேண்டும். ஈரத்தைத் துடைத்துவிட்டுத்தான் பேசினாள்.

"வசந்தமலர், உங்கள் வலியை நான் காண்கிறேன். உங்கள் வலியை நான் மதிக்கிறேன். அதனால்தான் உங்களை அழைத்துச் செல்ல முடியாது. யோசித்துப் பாருங்கள். மற்றப் பதினொரு பேரும் தங்களைத் தேடி எட்டு மாதமாகத் தயாராகியிருக்கிறார்கள். முற்றத்தில் அமைதியாக இருக்கும்போது நீங்கள் உண்மையாகவே ஒருவரைக் கண்டுபிடித்துவிட்டால் அவர்களுடைய நிலை என்ன? தாங்கள் தேடியது சின்ன விடயம் என்று அவர்களுக்குத் தோன்றிவிடும். பத்து வருசமாக நாங்கள் ஆட்களைத் தேடலுக்கு அழைத்துப் போகிறோம். இதுவரை யாரும் எதையும் கண்டுபிடித்ததில்லை. அந்தத் தரத்தை நாங்கள் பேணவேண்டும்."

"அப்ப நீங்கள் போகேக்கை அவரிட்டை பேரையாவது கேளுங்கோ."

"கேட்க முடியாது. மடாலயத்தில் மூன்று நாளும் மௌனம்."

"ஒரு துண்டுக் கடுதாசி?"

"எழுத்தும் பேச்சுத்தான்."

யதுர்ஷா மேன்முறையீடு எழுதினாள், பன்னிரண்டு பக்கம். மேன்முறையீட்டுக் குழுவின் தலைவியும் கரோலினாதான். கவனமாக வாசித்துவிட்டு, கரோலினா எடுத்த முடிவு நியாயமானது என்று கரோலினா எழுதியிருந்தாள். மூன்று வருசத்துக்கு வசந்தமலர் விண்ணப்பிக்க முடியாது. பை மட்டும் வீட்டுக்கு வந்தது. அதை அவள் குலைக்கவில்லை. வாசலில் அப்படியே நின்றது, புறப்படப்போகிற ஆள் மாதிரி.

விமானம் ஏறுவதற்கு முதல்நாள், வேலை முடிந்து வசந்தமலர் வருகிறபோது, கட்டடத்துக் கதவடியில் ஆன்ட்ரியாஸ் நின்றார். மேலே கூட்டிக்கொண்டு வந்து தேத்தண்ணி வேணுமோ என்று கேட்டாள். வேண்டாம் என்றார். நோர்வேக்காரர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான், ஆனால் அவள் போட்டுவிட்டாள், அவர் குடித்துவிட்டார்.

"என் பையில் ஒரு கிலோ இடம் இருக்கிறது," என்றார். "நிறுத்து முடித்த பிறகு நான் என் புத்தகத்தை வெளியே எடுத்துவிட்டேன்."

"உங்களுக்கும் அவ்விக் எழுதுவினம்."

"முப்பத்தெட்டு வருசத்தில் ஒருமுறைகூட நான் பிந்தினதில்லை. ஒரு அவ்விக்கை என் பேர் தாங்கும்."

ஒரு கிலோவுக்குள் சப்பாத்தை வைப்பதா, பேணியை வைப்பதா? வசந்தமலர் சப்பாத்தை எடுத்தாள், வைத்தாள், திரும்ப எடுத்தாள். சப்பாத்து வெளியே தெரிந்துவிடும். பேணியைத்தான் கொடுத்தாள். கடிதம் எழுத அவர் விடவில்லை. எழுத்து அகப்பட்டால் பேணியையும் பறித்துவிடுவார்கள் என்றார். ஆகவே பெயர் இல்லை, ஊர் இல்லை, ஒரு சொல் இல்லை. பயத்தம் பணியாரம் மட்டும் போனது.

பிறகு பத்தொன்பது நாள். அந்த நாட்களில் வயோதிபர் இல்லத்தில் மூன்று தடவை உருளைக்கிழங்கு அடிப்பிடித்ததாம். அதற்கு முன் அப்படி நடந்ததே இல்லை.

ஐப்பசி முடிவில் முதல் பனி விழுந்த ஞாயிற்றுக்கிழமை ஆன்ட்ரியாஸ் வந்தார். மெலிந்திருந்தார். தன்னைக் கண்டடைந்தவர் என்று கழகம் கொடுத்த சான்றிதழையும் கொண்டுவந்து காட்டினார்.

"கண்டனீங்களோ?" என்று கேட்டாள் யதுர்ஷா.

"ஓரளவுக்கு," என்றார் அவர், வெட்கப்பட்டு.

வசந்தமலர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்று பயந்தாளோ என்னவோ. அவரே சொன்னார்.

"போனும் மணிக்கூடும் வாங்கி வைத்துவிட்டார்கள். ஜீப்பின் யன்னலுக்குத் திரை போட்டு ஒன்பது மணித்தியாலம். பிறகு நாலு நாள் நடை. வாழ்க்கையில் முதல் தடவை எந்தத் தரிப்பிடத்தில் இறங்கினேன் என்று எனக்குத் தெரியாது. என்னை மன்னியுங்கள். ஆனால் அவர் அங்கே இருந்தார். ஒற்றைக் காலில் நின்றார். இடது கைதான். தாடி வளர்ந்திருந்தது, நாடி தெரியவில்லை. மூன்று நாளும் நாங்கள் வாய் திறக்கக் கூடாது. இரண்டாம் நாள் பேணியைக் குசினி வாசல் படியில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றேன். அவர் வந்து மூடியைத் திறந்து பார்த்தார். கனநேரம் பார்த்தார். ஒரு உருண்டையை எடுத்து மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய், அப்படியே நின்றார். தேநீர் பொங்கி அடுப்பில் ஊற்றுப்பட்டது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை."

"சாப்பிட்டவரோ?"

"தெரியாது. அப்போதுதான் கரோலினா வழிகாட்டியோடு வந்தாள். அது தியான நேரம் என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனாள்."

"பிறகு?"

"அடுத்தநாள் காலை நாங்கள் புறப்படும்போது என் சப்பாத்துக்குப் பக்கத்தில் பேணி இருந்தது. இதோ."

தன் துணிப்பையில் இருந்து பேணியை எடுத்து மேசையில் வைத்தார். பளபளவென்று இருந்தது. வசந்தமலர் இரண்டு கையாலும் வாங்கி மூடியைத் திறந்தாள். உள்ளே ஒன்றும் இல்லை.

வெறும் பேணி.

அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் யதுர்ஷா யன்னல் பக்கம் திரும்பினாள். தெரியாத ஒரு மனிதர், ஏதோ பலகாரம் கிடைத்தது, சாப்பிட்டுவிட்டுப் பேணியைத் திருப்பி வைத்திருக்கிறார். அவ்வளவுதான். வசந்தமலர் மெதுவாக மூடியை மூடினாள்.

"சுத்தமாக இருக்கிறதுதானே?" என்றார் ஆன்ட்ரியாஸ், அவள் சந்தோசப்படுவாள் என்று நினைத்து. "நான் எடுக்கும்போது அடியில் கொஞ்சம் சீனி கொட்டிக் கிடந்தது. அங்கே தேநீருக்கு உப்புத்தான் போடுவார்கள். சீனி எங்கே கிடைத்ததோ தெரியாது. ஒரு கைப்பிடி இருக்கும். ஊத்தைப் பேணியை உங்களிடம் எப்படித் திருப்பித் தருவது? சுடுதண்ணியில் நானே கழுவி, என் துவாயால் துடைத்தேன்."

கீழே பனி வழிக்கிற வாகனம் போய்க்கொண்டிருந்தது. ஆன்ட்ரியாஸ் தாயையும் மகளையும் மாறிமாறிப் பார்த்தார்.

"நான் ஏதும் பிழை செய்துவிட்டேனா?"

வசந்தமலர் பேணியின் மூடியைக் கழற்றித் தலைகீழாகத் திருப்பினாள். மூடியின் விளிம்பு உள்ளுக்கு மடிந்திருக்கும் அல்லவா, அந்த மடிப்புக்குள் சுண்டுவிரல் நகத்தை விட்டு, ஒரு சுற்றுச் சுற்றி இழுத்தாள். நகத்தின் நுனியில் மூன்று நாலு மணி ஒட்டிக்கொண்டு வந்தது. அதை நாக்கில் வைத்து வாயை மூடினாள்.

மூடியைத் திரும்பப் பேணியில் போட்டு அழுத்தினாள். "இல்லை. வடிவாக் கழுவியிருக்கிறியள்."

அன்றைக்கு அவர் போகும்போது எட்டு வடையை ஒரு டப்பாவில் போட்டு அவருடைய துணிப்பையில் வைத்துக் கொடுத்தாள். அடுத்த வாரம் வாசல் கைப்பிடியில் அவள் வடை போட்டுக் கொடுத்த டப்பா ஒரு பையில் தொங்கியது. உள்ளே, கோப்பிக்கடையில் கொடுக்கிற கடதாசி சுற்றிய சீனிக்கட்டி இரண்டு. யதுர்ஷா எப்போதோ அவரிடம் விளக்கம் சொல்லியிருக்கிறாள் போல. மனுசன் அதைக் கேட்டபிறகு இரண்டு நாள் வீட்டைவிட்டு வெளிக்கிடவில்லையாம்.

கழகத்தின் புதுப் புத்தகமும் வந்தது. பதினேழாம் பக்கத்தில் அதே நோர்வேக்காரி, அதே முற்றம். பின்னால் நின்ற மனிதரைக் கணினியால் துடைத்துவிட்டு, அந்த இடத்தில் வெள்ளைச் சுவர் போட்டிருந்தார்கள். சுவருக்குக் கீழே எழுதியிருந்தது: 'இங்கே உங்களைத் தவிர யாரும் இல்லை.'

வசந்தமலருக்குத்தான் மூன்று வருசத் தடை. யதுர்ஷாவுக்குத் தடை இல்லை. வேறு முகவரி, தகப்பனின் பெயர், படிவத்தில் ஏன் வருகிறீர்கள் என்ற இடத்தில் 'என்னைத் தேடி' என்று நோர்வேஜிய மொழியில் அழகாக எழுதினாள். பொய் சொல்லிப் படிவம் நிரப்பினது அவளுடைய சட்டப்படிப்பில் இதுதான் முதல் தடவை. சப்பாத்து நாற்பத்திரண்டையும் தானே போட்டுக்கொண்டு போகப்போகிறாள், உள்ளே மூன்று சோடி காலுறையோடு.

இப்போது பின்நேரங்களில் நீங்கள் புருசெத் பக்கம் போனால் பார்க்கலாம். கட்டடங்களுக்கு நடுவில், பனியில், பெரிய சப்பாத்துப் போட்ட ஒரு பிள்ளை ஓர் அடி வைத்து ஒன்பது மூச்சு விட்டு நடக்கிறாள். பின்னால் தாய் சால்வையைப் போர்த்திக்கொண்டு வருகிறாள். சொங்ஸ்வன் பரீட்சை பங்குனியில்.

"இன்னும் மெல்லமா, பிள்ளை. எங்கையோ போறவள் மாதிரி நடக்காதை."

"நான் எங்கையோ போகத்தானே அம்மா போறன்."

"ஓம். அது காலுக்குத் தெரியக் கூடாது."

கதை அவ்வளவுதான், என்ர கண்ணுகள். எழும்புங்கோ, நேரத்தோடை வீட்டை போங்கோ. உங்கட வாசலை விட்டுப் போன ஆக்கள் எல்லாரும் சப்பாத்தோடை திரும்பி வரட்டும். உங்கட வீட்டுப் பாத்திரம் எந்தத் தூரத்துக்குப் போனாலும் வெறுமையாத் திரும்பாமல் இருக்கட்டும். திரும்பி வாறதை ஆரும் கழுவமுன்னம், உங்கட கையிலை சேரட்டும்.